மெக்ஸ் என்கிற அந்த மனிதர்

அன்புள்ள கண்ணு,

உனக்கு ஏ.எஸ்.சி., அதுதான் நம் ராணுவத்துக்குச் சாப்பாடும் சரக்கும் கொண்டுசேர்க்கிற பிரிவு, ஒதுக்கியிருக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது உன் குரலே இறங்கிக் கிடந்தது. "காலாட்படை கேட்டேன்மா, அரிசி பருப்பு அளக்கப் போட்டுட்டாங்க" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் அரிசி பருப்பு அளந்தவளுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் உன் மேல் கோபமில்லை. அன்று ராத்திரியிலிருந்து படைகளுக்கு யார் சோறு போட்டார்கள், யார் செருப்பு கொடுத்தார்கள் என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒருவர் மனதில் உட்கார்ந்துவிட்டார்.

பெயர் மான்ட்கோமரி மெக்ஸ். அமெரிக்காவில் 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வடக்குப் படையின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக, அதாவது படைக்கு வேண்டிய சரக்குக்குப் பொறுப்பான தலைமை அதிகாரியாக, லிங்கன் நியமித்தவர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ராஜினாமா செய்துவிட்டுத் தெற்குப் படைக்கே போய்விட்டார். மெக்ஸும் தெற்கில், ஜார்ஜியாவில் பிறந்தவர்தான், ஆனால் போகவில்லை. படிப்பால் பொறியாளர். வாஷிங்டன் நகரத்துக்குக் குடிநீர்க் கால்வாய் கட்டியவர். அந்த வேலையில் தனக்கு வேண்டியவர்களுக்கு ஒப்பந்தம் கொடுக்கச் சொன்ன அமைச்சரோடு மோதியதால் 1860-ல் புளோரிடா பக்கம் கடலுக்குள் இருக்கும் ஒரு கோட்டைக்குத் தூக்கியடித்தார்கள். அடுத்த வருஷமே திரும்பி வந்து படைக்குத் துணிமணி, வண்டி, குதிரை வாங்கும் பொறுப்பைக் கையில் எடுத்தார்.

போருக்கு முன்னால் அந்த ராணுவத்தில் இருந்தது சுமார் 16,000 பேர். அது லட்சக்கணக்கில் பெருகியபோது எல்லாருக்கும் சட்டை, செருப்பு, கம்பளி, கூடாரம், வண்டி, குதிரை வேண்டும். சாப்பாடு வாங்குவது வேறு துறை, ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் பாடு. தொடக்கத்தில் வியாபாரிகள் கந்தல் துணியைக் கிழித்து அமுக்கி நெய்த துணியில் சீருடை தைத்துக் கொடுத்தார்கள், மழையில் நனைந்ததும் அது பிய்ந்து தொங்கியது. எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது வயிறு எரிந்தது. ஒரு தடவை நம் கூடத்துக்கு வந்த அரிசி மூட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ குறைந்து வந்ததே, நினைவிருக்கிறதா, நான் தராசை வாசலில் வைத்து நிறுத்துக் காட்டியதில் எத்தனை பேரோடு சண்டை! மெக்ஸும் அதைத்தான் பெரிய அளவில் செய்தார், வெளிப்படையாக டெண்டர் கேட்டார், வந்த சரக்கைச் சோதித்த பிறகே எடுத்தார். அந்தப் போரில் அவர் கை வழியாகச் செலவான பணம் ஏறத்தாழ 150 கோடி டாலர். அத்தனை பெரிய புழக்கத்திலும் கணக்கில் கண்டிப்பாக இருந்தவர் என்ற பெயர் கடைசி வரை இருந்தது.

நீ கணக்கில் கெட்டி, இதைப் போட்டுப் பார். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 14 பவுண்டு உலர்ந்த புல், 12 பவுண்டு தானியம். ஆயிரம் குதிரை என்றால் 26,000 பவுண்டு, அதாவது பன்னிரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் ஒரே ஒரு நாளைக்கு! தீனி ஏற்றிப் போகும் வண்டியை இழுக்கிற மிருகத்துக்கும் தீனி வேண்டும், அதனால் ரயிலும் ஆறும் எட்டாத தூரத்துக்குப் படை போகப் போக வண்டியே சரக்கைத் தின்ன ஆரம்பித்துவிடும். எந்தப் படை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைப் பாதி இந்தக் கணக்குதான் முடிவு செய்தது. 1864 டிசம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை கிழிந்த உடையோடு, தேய்ந்த செருப்போடு சவானா கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது மெக்ஸ் அனுப்பிய கப்பல்கள் துணியும் செருப்பும் ஏற்றிக்கொண்டு முன்பே வந்து காத்திருந்தன.

இனி சொல்வதுதான் எனக்குக் கஷ்டமான இடம். அவருக்கு ஜான் என்று ஒரு மகன். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1863-ல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியவன். 1864 அக்டோபர் 3-ம் தேதி வர்ஜீனியாவில், ஷெனன்டோவா பள்ளத்தாக்கில், சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது இருபத்திரண்டு. அவர் அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. அந்தக் கப்பல்கள் போனதெல்லாம் மகன் செத்த பிறகுதான், தேதியை இரண்டு தடவை பார்த்தேன்.

நீ பாதுகாப்பான பிரிவில் இருக்கிறாய் என்று அம்மா சந்தோஷப்படுகிறாள் என்று அக்காவிடம் சொன்னாயாமே. ஆமாம்டா, சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் உன் வேலை சின்னது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

போர் முடிந்த பிறகு, ஊனமுற்ற வீரர்களுக்கும் விதவைகளுக்கும் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்காக மெக்ஸ் வாஷிங்டனில் ஒரு பெரிய செங்கல் கட்டடம் கட்டினார். அதைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குப் படை அணிவகுத்துப் போகிற மாதிரி சுடுமண் சிற்பம். அதில் துப்பாக்கிக்காரர்களோடு சரக்கு வண்டிகளும் போகின்றன, வண்டியோட்டி அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான ஒரு கறுப்பு மனிதனாக இருக்க வேண்டும் என்று அவரே வற்புறுத்தியிருக்கிறார். போனில் படத்தைப் பெரிதாக்கி அந்த வண்டிக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, பெங்களூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்புகிறேன். உங்கள் பிரிவில் இன்னும் கோவேறு கழுதைகள் வைத்திருக்கிறார்களாமே? அதற்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீனி என்று கேட்டு எழுது, நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அம்மா