செயலாளரின் ஆண்டறிக்கை 2024: அயர்லாந்தின் லீட்ரிம் கவுண்டித் தமிழ்க் குடும்பங்களுக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைச் சுற்றுலா, தீபாவளி நான்கும் இந்த ஆண்டும் நல்லபடியாக நடந்தன. சமையலறையில் நின்றவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. படங்கள் ஏற்கெனவே எல்லோருடைய கைப்பேசியிலும் இருப்பதால் விழாக்களை இத்தோடு விடுகிறேன். சென்ற பொதுக்குழுவில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: நம் ஊர்ச் சாலை, தெருவிளக்கு, வீட்டு அனுமதி, மானியம் இதையெல்லாம் முடிவு செய்வது யார், எங்கே போய்க் கேட்பது? அதை விசாரித்து வரும்படி குழு என்னைப் பணித்தது. எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி கவுண்டி கவுன்சில், அதாவது நம் மாவட்ட உள்ளாட்சி மன்றம், பற்றியதுதான்.

முதலில் தேர்தல். 2024 ஜூன் 7 அன்று உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது நிரம்பி, இங்கே வசித்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வேலை அனுமதியில் வந்திருக்கும் செவிலியர் உட்பட நம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. நாடாளுமன்றத் தேர்தல் அப்படியல்ல, அதற்கு ஐரிஷ் அல்லது பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமலே நம்மில் பலர் அன்று வீட்டில் இருந்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். குடியரசிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி லீட்ரிம். சுமார் 35,000 பேருக்கு 18 கவுன்சிலர்கள். கேரிக்-ஆன்-ஷானன், பாலினமோர், மேனர்ஹாமில்டன் என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். அதாவது ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு கவுன்சிலர். வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடும் முறை இது. முதல் எண் கிடைக்காவிட்டாலும் மூன்றாவது, நான்காவது எண்ணுக்காக வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வருவார். அடுத்த தேர்தல் 2029-ல். பெயர் சேர்ப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். பிபிஎஸ் எண் (அரசு தரும் தனிநபர் எண்), ஏர்கோடு (வீட்டின் அஞ்சல் குறியீடு), பிறந்த தேதி மூன்றும் கையில் இருந்தால் இணையத்திலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சரி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களால் என்ன செய்ய முடியும்? இதில் நம்மிடையே நிறைய குழப்பம் இருக்கிறது. பட்ஜெட்டை நிறைவேற்றுவது, சொத்து வரியைக் கூட்டுவது குறைப்பது, கவுண்டி வளர்ச்சித் திட்டத்தை ஏற்பது ஆகியவை கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்பவை. தனி ஒருவரின் வீட்டுக்கு அனுமதி கொடுப்பது, கவுன்சில் வீட்டை யாருக்கு ஒதுக்குவது, ஊழியர்களை நியமிப்பது ஆகியவை கவுன்சிலின் தலைமை நிர்வாகியின் பொறுப்பு. அதனால் "கவுன்சிலரிடம் சொல்லி பிளானிங் வாங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் கோப்பின் நிலையை விசாரிக்கலாம், அதிகாரியோடு ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்யலாம், அவ்வளவுதான். இப்படி அனுமதி கொடு என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை. அதே கவுன்சிலர்தான் ஆறு ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்துக்குக் கை தூக்குகிறவர். எந்த நிலத்தில் வீடு வரலாம், எந்த ஊர் எவ்வளவு வளரலாம் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. நம் கவுண்டியின் இப்போதைய திட்டம் 2023–2029 காலத்துக்கானது. 2024 அக்டோபரில் கையெழுத்தான புதிய திட்டமிடல் சட்டப்படி இனி வரும் திட்டங்கள் பத்து ஆண்டுக்கானவை. அடுத்த வரைவு வெளியாகும்போது நாம் கருத்து எழுதாவிட்டால், பிறகு பத்து ஆண்டு அதோடுதான் வாழவேண்டும்.

பட்ஜெட் விஷயத்துக்கு வருகிறேன். இலையுதிர் காலத்தில் இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது சொத்து வரி. 2025 வரை அடிப்படை வரியை 15 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ கவுன்சிலுக்கு உரிமை இருந்தது. முடிவுக்கு முன் பொதுமக்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்கவேண்டும் என்பது விதி. இதைச் சொன்னதும் நம் ஆட்கள் "குறைக்கச் சொல்லி எழுதுவோம்" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை அப்போது 2 லட்சம் யூரோ மதிப்புக்கு உட்பட்ட முதல் வரம்பில் வந்தன. அதற்கு அடிப்படை வரி 2025 வரை ஆண்டுக்கு 90 யூரோவாக இருந்தது. முழுசாகக் கூட்டினால் 103.50, முழுசாகக் குறைத்தால் 76.50. ஒரு வீட்டுக்கு மேல்நோக்கிய வித்தியாசம் 13.50 யூரோ. கூட்டிய பணம் முழுக்க இந்தக் கவுண்டியிலேயே தங்குகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் இந்த வரியை நேரடியாகக் கட்டுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் நூலகமும் விளையாட்டுத் திடலும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தானே? கூட்டுவதை எதிர்க்காமல், அப்படி வரும் தொகை எந்தச் செலவுக்குப் போகிறது என்று தெளிவாகச் சொல்லும்படி கேட்பதுதான் நியாயம் என்பது குழுவில் பெரும்பான்மையோரின் கருத்து. என் கருத்தும் அதுவே.

இரண்டாவது, நவம்பர் பட்ஜெட் கூட்டம். வரைவு பட்ஜெட் புத்தகத்தைக் கூட்டத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். வீடு, சாலை, குடிநீர், வளர்ச்சி, சுற்றுச்சூழல், பொழுதுபோக்கு வசதிகள் என்று எட்டுப் பிரிவுகளாக இருக்கும். முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டு விஷயம் தெரிந்தால் புரிந்துவிடும். ஒன்று, சாலைப் பணம் பெரும்பாலும் டப்ளினில் போக்குவரத்துத் துறையிடமிருந்து மானியமாக வருவது. கவுன்சில் தன் கையிலிருந்து போடுவது சிறிய பங்கு. இரண்டு, உண்மையில் கவுன்சிலர்கள் பேரம் பேசக் கையில் இருப்பது ஒவ்வொரு பகுதிக்கும் ஒதுக்கப்படும் பொதுத் தொகை. ஒரு நடைபாதைத் துண்டு, ஒரு பேருந்து நிழற்குடை, பள்ளி வாசலில் ஒரு வேகத் தடுப்பு எல்லாம் அதிலிருந்துதான். நாம் கேட்கவேண்டியதும் அந்த அளவில்தான். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கட்டடத்தின் மதிப்பீட்டைப் பெருக்கும் ரேட்ஸ் (வணிகக் கட்டட வரி) எண் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. கவுன்சிலர்கள் பட்ஜெட்டை நிறைவேற்றத் தவறினால் அமைச்சர் அவர்களைப் பதவியிலிருந்து நீக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசியில் ஏதோ ஒரு எண்ணில் வந்து நிற்பதற்கு அதுவும் காரணம்.

இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் உதவி கேட்டது வீடு கட்டுவது பற்றி. கிராமத்தில் அரை ஏக்கர் வாங்கி, ஊரில் கட்டுவதுபோல் நமக்குப் பிடித்த வீடு ஒன்று கட்டலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. லீட்ரிமில் அதற்கு முதல் தடை மண். பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர் நிலத்துக்குள் இறங்கவேண்டும், இறங்குமா என்று சோதித்துக் காட்டவேண்டும். அந்தச் சோதனையை நான் ஒரு உறுப்பினரின் நிலத்தில் கூடவே நின்று பார்த்தேன். 300 மில்லிமீட்டர் சதுரத்தில், 400 மில்லிமீட்டர் ஆழத்தில் குழி எடுக்கிறார்கள். முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிறார்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கிறார்கள். எங்கள் குழியில் காலையில் குறித்த கோட்டிலேயே மதியமும் தண்ணீர் நின்றது. சாம்பல் நிறக் களிமண், கையில் உருட்டினால் சாணிபோல் ஒட்டுகிறது. பார்க்கவே பாவமாக இருந்தது, அந்தத் தம்பியும் மனைவியும் ஒன்றும் பேசவில்லை. நல்லவேளையாக நிலத்துக்கு முன்பணம் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். ஆகவே குழுவின் வேண்டுகோள்: லீட்ரிமில் நிலம் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இந்த மண் பிரச்சினையால் கிராமத்துப் பிள்ளைகளே தங்கள் அப்பா நிலத்தில் வீடு கட்ட முடியாமல் இருக்கிறார்கள். கவுன்சிலர்கள் பல ஆண்டுகளாக இதை எழுப்பி வருகிறார்கள். கழிவுநீரை வில்லோ மரங்கள் உறிஞ்சிக்கொள்ளும் முறை போன்ற மாற்றுகளும் பேசப்படுகின்றன. இது நம் ஒருவர் பிரச்சினை இல்லை, அண்டை வீட்டு விவசாயியோடு சேர்ந்து கேட்கவேண்டியது.

வேறு யாராவது உங்கள் பக்கத்தில் கட்ட விண்ணப்பித்தால் விதி இது: விண்ணப்பம் பதிவான ஐந்து வாரத்துக்குள், 20 யூரோ கட்டணத்தோடு, எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அப்படி எழுதியவர் மட்டுமே பொதுவாக மேல்முறையீட்டுக்குப் போக முடியும். வாசலில் மாட்டிய அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்து, ஆறாவது வாரம் என்னைக் கூப்பிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

புதிதாகக் கட்டுவதைவிட நம் கவுண்டியில் காலி வீடு வாங்குவது பல நேரம் புத்திசாலித்தனம். 1998-ல் தொடங்கிய ஷானன் ஆற்று மேற்பகுதி வரிச் சலுகைத் திட்டத்தால் இங்கே தேவைக்கு மேல் வீடுகள் எழும்பின. 2008 பொருளாதாரச் சரிவில் பாதி வேலையில் நின்ற குடியிருப்புகள் ஏராளம். இப்போது இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாக இருந்த, 2007 வரை கட்டப்பட்ட வீட்டைப் புதுப்பிக்க 50,000 யூரோ வரையும், இடிந்த நிலையில் இருந்தால் 70,000 யூரோ வரையும் மானியம் உண்டு. விண்ணப்பம் கவுன்சிலுக்குத்தான். வேலை தொடங்கும் முன் ஒப்புதல் வாங்கவேண்டும், பணம் வேலை முடிந்த பிறகே வரும். அதுவரைக்கும் கைக்காசோ கடனோ வேண்டும். வீடு காலியாக இருந்ததற்கு மின்கட்டண ரசீதை ஆதாரமாகக் காட்டலாம், அதை விற்பவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்படி நின்றுபோன குடியிருப்பு ஒன்றில்தான் நம் உறுப்பினர் குடும்பங்கள் சில வசிக்கின்றன. கட்டியவர் போய்விட்டார், விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, விளக்கு எரியவில்லை. இரவுப் பணி முடித்து வரும் பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில் வாசல் தேடுகிறார்கள். அந்தத் தெருவைக் கவுன்சில் தன் பொறுப்பில் எடுக்கவேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கையெழுத்திட்டுக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நம் உறுப்பினர்கள் வாடகைதாரர்கள், அவர்கள் கையெழுத்து கணக்கில் வராது. எனவே உரிமையாளர்களைத் தேடிப் பேசினோம். சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மனு இன்னும் முழுமையாகவில்லை, வரும் ஆண்டிலும் இது தொடரும்.

மானியங்களில் நாம் நேரடியாக ஈடுபட்டது உள்ளூர் மேம்பாட்டுத் திட்டம். சமுதாய அமைப்புகளுக்கு நாற்காலி, சமையலறைச் சாமான், சிறு பழுது ஆகியவற்றுக்கு உதவும் திட்டம் அது. அதில் ஒரு பங்கு 1,000 யூரோவுக்கு உட்பட்ட சிறு மானியங்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. நமக்கு அதுதான் ஏற்றது. மடக்கு மேசைகளுக்கும் பெரிய தேநீர்க் கொதிகலனுக்கும் விண்ணப்பித்தோம், கிடைத்தது, இன்று நீங்கள் குடித்த தேநீர் அதிலிருந்துதான். விதிமுறை, வங்கி அறிக்கை, விலைப்புள்ளி எல்லாம் தயாராக வைத்திருந்த பொருளாளருக்கு என் நன்றி. ஒப்புதல் கடிதம் வரும் முன் வாங்கிய பொருளுக்குப் பணம் கிடைக்காது என்பதை அடுத்து வரும் குழு மறக்கக்கூடாது. பெரிய வேலைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியப் பணத்தோடு நடக்கும் லீடர் என்ற கிராம மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் முதலில் செலவு செய்து பிறகே திரும்பப் பெறவேண்டும். நம் கையிருப்புக்கு அது இப்போது ஆகாது. சமுதாய அரங்கத்தை நடத்தும் ஊர்க் குழு விண்ணப்பித்தால் நாம் ஆதரவுக் கடிதம் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.

இன்னொரு திட்டம், தனியார் பாதைகளைச் சீர்செய்வது. கவுன்சில் பராமரிக்காத சந்துப் பாதையில் ஐந்து பேர் வரை இருந்தால் செலவில் 10 சதவீதம், ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 சதவீதம் அவர்கள் பங்கு. ஒரு வீட்டுக்கு 1,200 யூரோவுக்கு மேல் போகாது. பாதை விவசாய நிலங்களுக்கும் போவதாக இருக்கவேண்டும், ஆகவே முன்கை எடுக்கவேண்டியது பக்கத்து விவசாயிகள்தான். அவர்கள் கூப்பிட்டால் மறுக்காமல் போய் உட்காருங்கள்.

அறிக்கை ஆண்டுக்குப் பிந்தியதானாலும் 2025 ஜனவரி 24 அன்று வீசிய எயோவின் புயலைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாடு முழுவதும் 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட கவுண்டிகளில் நம்முடையதும் ஒன்று. மின்சாரம் இல்லாத கிணற்று மோட்டார் வீடுகளில் தண்ணீரும் இல்லை. சமுதாய அரங்குகள் அவசர உதவி மையங்களாகத் திறந்தன, மக்கள் குளிக்கவும் கைப்பேசிக்குச் சார்ஜ் போடவும் சூடாகச் சாப்பிடவும் வந்தார்கள். நம் அக்காமார் பெரிய குண்டானில் சாம்பார் சாதம் வைத்தார்கள். வயதான விவசாயிகள் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். மானியத்தில் வாங்கிய மேசைகள் அன்று எல்லோருக்கும் பயன்பட்டன. அரங்கத்துக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும் என்று ஊர்க் குழு கேட்கப் போகிறது, நம் கையெழுத்தும் அதில் இருக்கும்.

நம் சங்கம் கவுண்டியின் பொதுமக்கள் பங்கேற்பு வலையமைப்பில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. கவுன்சில் குழுக்களில் சமுதாயப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஒரு ஓட்டு உண்டு. அந்தக் கூட்டங்கள் மாலையில் நடக்கின்றன. எனக்கு இரவுப் பணி வரும் வாரங்களில் போக மாற்று ஆள் ஒருவர் வேண்டும், கார் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

நன்றி,
செயலாளர்