செயலியில் 240, கையில் 367

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகையில் செயலி வழியாகச் சாப்பாடு வரவழைப்பவர்கள் பில்லைப் பார்த்ததும், "பாதி ஜி.எஸ்.டி.யிலேயே போய்விடுகிறது" என்கிறார்கள். அது உண்மையல்ல. அப்படி நினைக்க வைக்கும் விதத்தில் பில் போடப்படுகிறது.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். மெனுவில் சிக்கன் பிரியாணி 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங் 20, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15, டெலிவரி 45, மழைக் கட்டணம் 20. இதிலேயே 100 ரூபாய் ஏறிவிட்டது. பிரியாணிக்கும் பேக்கிங்குக்கும் 5 சதவீத வரி 13 ரூபாய். மற்ற மூன்று கட்டணங்களுக்கும் 18 சதவீதம், அது 14 ரூபாய் 40 காசு. ஆக, கட்ட வேண்டியது 367 ரூபாய் 40 காசு. கூடுதலாக ஏறிய 127.40-ல் அரசுக்குப் போவது 27.40 மட்டுமே. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் பெரும்பாலும் "வரிகளும் கட்டணங்களும்" என்று ஒரே தொகைதான் தெரியும். பக்கத்திலுள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் உள்ளே இருப்பது விரியும். இவ்வளவுக்கும், கடையில் நேரில் அதே பிரியாணி 200-க்குக் கிடைக்கலாம். செயலிக்குக் கொடுக்கும் கமிஷனைப் பல ஓட்டல்கள் மெனு விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. அந்த 40 ரூபாய் எந்தப் பில்லிலும் தனியாக வராது.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. டெலிவரிக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. எல்க்ஹில் மாதிரியான சரிவுகளில் வீட்டுக்கு மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு, நடுவே படிக்கட்டு. வரைபடத்தில் முகவரிக் குறி கொஞ்சம் தள்ளி மேல் ரோட்டில் விழுந்தாலும் வண்டி சுற்றி வரும் தூரம் கூடும், கட்டணமும் கூடும். வந்தவர் தவறான ரோட்டில் நின்று போன் செய்வார், சாப்பாடும் ஆறிவிடும். குறி தானாக விழும் இடத்தை நம்பாதீர்கள். வண்டி நிற்கக்கூடிய இடத்துக்கு விரலால் நகர்த்தி, படிக்கட்டு அடையாளத்தையும் எழுதிச் சேமித்து வையுங்கள்.

மழை இங்கே ஜூனில் தொடங்கினால் நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். நனைந்து வளைவேறி வரும் பிள்ளைக்கு அந்த 20 ரூபாய் முழுதாகப் போகிறது என்றால் மனமார்ந்து கொடுப்போம். போகிறதா என்பதைப் பில் சொல்ல வேண்டும்.

பேக்கிங் கட்டணத்தில் நியாயம் இருக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் குழம்புக்கும் சட்னிக்கும் வேறு டப்பா வாங்கியாக வேண்டும். ஆனால் பல இடங்களில் அது பொட்டலத்துக்கு இல்லாமல் உணவு வகைக்கு ஒன்றாக ஏறுகிறது. இட்லி, வடை, பொங்கல் மூன்றும் ஒரே பையில் வந்தாலும் மூன்று கட்டணம்.

தள்ளுபடியிலும் கவனம் வேண்டும். "60 சதவீதம், 120 ரூபாய் வரை" என்றால் 400 ரூபாய் ஆர்டருக்குக் கிடைப்பது 30 சதவீதம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ன் மின்வணிக விதிகள் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளோடும் காட்டச் சொல்கின்றன. முன்கூட்டியே டிக் போட்டுச் சம்மதம் வாங்குவதையும் தடுக்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதையும், கேட்காமலே நன்கொடையைக் கூடையில் சேர்ப்பதையும் ஏமாற்று முறைகள் என்றே பட்டியலிட்டிருக்கின்றன. ஆகவே பணம் கட்டும் முன் டிப்ஸ், நன்கொடை, சந்தா ஆகியவற்றை ஒருமுறை பார்த்து நீக்குங்கள். மெனு பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். உதகை, குன்னூர், கோத்தகிரி ஓட்டல்கள் நேரடி விலைப்பட்டியலையும் பார்சல் கட்டணத்தையும் தொலைபேசி எண்ணோடு வாசலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு போன் போட்டுவிட்டு நடந்துபோய் வாங்கக்கூடிய தூரத்தில்தான் இங்கே பலருடைய வீடு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உதகமண்டலம்