ஹாம்பர்க்கிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். டிசம்பர் பிறந்ததிலிருந்து இங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தெருவிளக்கு எரியும்போது வேலைக்குப் போய், தெருவிளக்கு எரியும்போதே திரும்புகிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவார்கள்.

உன் ப்ராஜெக்டில் ட்ரீயின் (கிளை கிளையாக விரியும் பட்டியலின்) மேல் வலது கிளிக் செய்தால் உன் லேப்டாப்பில் மெனு வருகிறது, நண்பனின் மேக்கில் வரவில்லை என்று கேட்டிருந்தாய். ஜாவாவில் திரைகளை அமைக்க உதவும் ஸ்விங்கில் மெனுவுக்கான சமிக்ஞை விண்டோஸில் பொத்தானை விடும்போது வருகிறது, மேக்கில் அழுத்தும்போதே வந்துவிடுகிறது. இது மெனுவுக்கான கிளிக்கா என்று பார்க்கும் 'இஸ் பாப்அப் ட்ரிக்கர்' சோதனையை நீ, பொத்தானை விடும்போது ஓடும் மௌஸ் ரிலீஸ்டில் மட்டும் வைத்திருப்பாய். அழுத்தும்போது ஓடும் மௌஸ் பிரெஸ்டிலும் வை. மேக்கில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சாதாரணமாகக் கிளிக் செய்தாலும் மெனு வரவேண்டும் என்பதால், எந்தப் பொத்தான் என்று நீயே பார்த்து முடிவு செய்யாதே.

ஆனால் மெனு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். இங்கே சேர்ந்த மூன்றாவது மாதம், எங்கள் கிடங்கு மென்பொருளில் ஒரு பெண்மணி பதினான்காம் வரிசையை அழிக்கப்போய் மூன்றாம் வரிசை அழிந்துவிட்டது என்று புகார் வந்தது. கைதவறியிருக்கும் என்று அலட்சியமாக எண்ணிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். அவர் மூன்றாம் வரிசையை ஒருமுறை இடது கிளிக் செய்தார். பிறகு பதினான்கின் மேல் வலது பொத்தானை அழுத்தினார், நீலப்பட்டை என் கண்ணெதிரே பதினான்குக்குத் தாவியது. மெனுவில் 'லோஷென்' என்பதைத் தொட்டார் (காதுக்கு லோஷன் மாதிரி இருந்தாலும் ஜெர்மனில் அதற்கு அழிப்பது என்று பொருள்), மூன்று மறைந்தது. அந்த வரிசைகளைக் காட்டிய விண்டோஸ் ட்ரீ வியூவில் வலது கிளிக், நோடை (ட்ரீயில் உள்ள ஓர் உருப்படியை) சற்று நேரம் நீலமாகக் காட்டுமே தவிர, தேர்வை மாற்றாது. என் நிரலோ தேர்வில் இருந்ததை அழித்தது. தவறு முழுக்க என்னுடையது. 'நோட் மௌஸ் கிளிக்' நிகழ்வில் வரும் நோடையே முதலில் தேர்வாக்கும் ஒரே வரியில் அது சரியானது.

ஸ்விங்கின் ட்ரீயான உன் ஜேட்ரீயும் வலது கிளிக்குக்குத் தானாகத் தேர்வை மாற்றாது. கிளிக் விழுந்த இடத்தை 'கெட் பாத் ஃபார் லொகேஷன்' மூலம் கேள். வெற்றிடத்தில் விழுந்திருந்தால் அது நல் (எதுவும் இல்லை) என்று சொல்லிவிடும், அப்போது அழிக்கும் மெனுவைக் காட்டாதே. அதன் உடன்பிறப்பான 'கெட் க்ளோசஸ்ட்' வெற்றிடத்திலும் அருகிலுள்ள ஏதோ ஒரு நோடைக் கொண்டுவந்து நிறுத்தும் என்பதால் இந்த வேலைக்கு அது ஆகாது. பயனர் ஏற்கெனவே ஐந்து நோடுகளைத் தேர்ந்து, அவற்றில் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்தால் அந்தத் தேர்வைக் கலைத்துவிடாதே. வேறொன்றின் மேல் செய்தால் மட்டும் அதைத் தனியாகத் தேர்வாக்கு.

அழிக்கும் முன் வரும் கேள்வியில் இப்போது வரிசையின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. அலுவலகத்தில் மேலாளரைக்கூட 'டூ' என்று நீ போட்டுத்தான் அழைக்கிறோம், எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. எங்கள் மென்பொருள் மட்டும் எல்லோரையும் 'ஸீ' என்று மரியாதையாகவே கேட்கிறது.

மணிக்கட்டு வலியால் மௌஸைத் தொடாத சக ஊழியர் ஒருவர் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தித்தான் மெனுவைத் திறப்பார். அப்படித் திறக்கும்போது விண்டோஸ் அனுப்பும் செய்தியில் இடத்துக்குப் பதிலாக இரண்டு -1கள் வரும். அதை இடம் என்றே நம்பிய எங்கள் பழைய சி++ பகுதியில் மெனு திரையின் இடது மேல்மூலையில் போய்த் திறந்தது. தேர்வான நோடுக்குக் கீழே திறக்கும்படி மாற்றிக் கொடுத்தேன்.

நீயும் திருத்தி முடித்ததும் மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
அக்கா