கண்ணாடித் தொட்டிக்குள் கடற்பாம்பு

பாசையூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் ராசன்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. மூத்தவளுக்கு வவுனியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது.

அங்கே காட்சிச்சாலையில் கட்டுவிரியனையும் வளையம் போட்ட கடற்பாம்பையும் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிக்குள் பார்த்தாயாம். யாழ்ப்பாணத்திலும் இப்படி ஒன்று வேண்டும் என்கிறாய். பாதிக்குத்தான் நான் சம்மதம்.

கட்டுவிரியன் வரட்டும். இரட்டைக் கதவும், கொக்கித்தடியால் பாம்பைக் கையாளப் பழகிய ஆளும், ஆஸ்பத்திரியில் விஷமுறி மருந்தும் இருந்தால் அதை வைத்துப் பராமரிக்கலாம். இங்கே நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களை அது நித்திரையிலேயே கடிக்கிறது. வலி பெரும்பாலும் தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று எழும்புவார்கள், பிறகு இமை தொங்கும், மூச்சு முட்டும். நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்த பிறகு மருந்து ஏற்றினாலும் அந்தச் சேதம் மாறாது. தானாக மூச்சு திரும்பும்வரை சுவாச இயந்திரம்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கறுப்பு உடம்பையும் மெல்லிய வெள்ளைக் கோடுகளையும் எங்கள் பிள்ளைகள் ஒருதரம் நேரில் பார்க்கட்டும்.

கடற்பாம்பு வேறு கதை. நீ பார்த்தது கரையேறும் சாதியாக இருக்கும். முட்டையிடவும் தின்ற இரை செரிக்கவும் அது தரைக்கு வரும். இரையோ பெரும்பாலும் விலாங்கு வகை மீன்கள்தான். எங்கள் ஆழமில்லாத களக்கடலில் வலைக்குள் மீனோடு அகப்படும் வலைகடியன் என்ற கடற்பாம்பு அப்படியில்லை. கடலிலேயே குட்டி போடும், தரையில் விட்டால் தவழத் திணறும். வலைகடியன் போலக் கடலிலேயே வாழும் சாதிகளைத் தொட்டியில் விட்டால் சுவரில் மூக்கை இடித்து இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், இரையையும் தொடாமல் மெலியும். மூலையில்லாத வட்டத் தொட்டி வேண்டும். உப்புநீரில் வாழ்ந்தாலும் குடிக்க நன்னீரும் வேண்டும். மழைநாளில் கடல்மேல் படரும் நீரைக் குடிக்கும் இனங்களும் உண்டு. பராமரிப்பவன் கடிபட்டால் இங்குள்ள இந்திய மருந்தை நம்ப முடியாது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு தரைப்பாம்புகளுக்கென்று செய்தது. கடற்பாம்புக்கான மருந்து அவுஸ்திரேலியாவில் செய்யப்படுகிறது.

இவ்வளவும் செய்ய வழியில்லாமல் ஒரு உயிரைப் பிடித்து அடைப்பதை என்னால் பொறுக்க முடியாது. நயினாதீவு அம்மனுக்குக் கடலை நீந்திப் பூக்கொண்டு வந்தது ஒரு நாகம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்!

அடுத்தமுறை போனால் அந்தத் தொட்டியில் ஏறிப் படுக்க மேடும், குடிக்க நன்னீரும் விட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுது. என்ன இரை கொடுக்கிறார்கள் என்றும் கேள்.

அன்புடன்,
சிவம்