ஆளை எண்ணாதீர்கள், தூரத்தை அளந்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தென்மேற்கிலுள்ள மழைக்காடான சிங்கராஜ வனத்தின் ஓரத்துக் கிராமங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காட்டைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. அங்கே வாழும் மனிதரைப் பற்றி அவர் வந்து சேர்ந்த முடிவுதான் என்னை எழுத வைத்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களுக்காக வீதியும் பாடசாலையும் மருந்தகமும் வைத்துக்கொண்டிருப்பது வீண் செலவு, அவர்களை வெளியே கொண்டுவந்து குடியேற்றிவிடலாம் என்கிறார். இதே பேச்சை நம்முடைய யாழ்ப்பாணத் தீவுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

இளவயதில், சிங்கராஜவுக்கு அருகிலுள்ள தெனியாயப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்தவள் நான். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையோடு ஆண்டின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். சிங்கராஜப் பக்கம் அப்படியல்ல. நமக்கு ஓராண்டில் பெய்வதைப் போல மூன்று, நான்கு மடங்கு மழை அங்கே பெய்கிறது. வெண்கட்டி ஈரத்தில் ஊறிப்போய்க் கரும்பலகையில் எழுதாது. இரவில் அடுப்புக்கு மேலே வைத்து உலர்த்தி, காலையில் கடதாசியில் சுற்றி எடுத்துப்போவேன். பிள்ளைகள் வாசலில் நின்று சவர்க்காரத் துண்டைத் தேய்த்துக் காலில் ஏறிய அட்டைகளைக் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்கள். அந்தப் பாதையில் தினமும் நடந்து வந்த பிள்ளையிடம் "உன் ஊர் செலவுக்குக் கட்டாது" என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை.

அந்த மக்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோகிறது. பனையோடு வாழ்ந்த நமக்கு அது நன்றாக விளங்க வேண்டிய வாழ்க்கை. அங்கே பனை இனத்தைச் சேர்ந்த கித்துள் மரம். பாளையைப் பக்குவப்படுத்திக் கட்டி, சீவி, காலையும் மாலையும் ஏறி இறக்குகிறார்கள். இறக்கியதைப் புளிக்கவிடாமல் அன்றன்றே காய்ச்ச வேண்டும். விறகு எரித்துக் கிண்டிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. நாம் பனங்கட்டியைப் பனையோலைக் குட்டானில் ஊற்றுவோம், அவர்கள் கித்துள் கருப்பட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். கைவேலையில் நமக்கும் அவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. வித்தியாசம் விலையில்தான். வீதி கெட்டுக் கிடக்கும் ஊரில், தேடி வரும் ஒரே வியாபாரி சொல்வதுதான் விலை.

தேயிலைக் கொழுந்தின் கதை இன்னும் கடுமையானது. பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். மூட்டைக்குள் சூடேறிக் கன்றிப்போனால் நிறுவைக்கே எடுக்கமாட்டார்கள். பாலம் மூழ்கினாலோ லொறி வராவிட்டாலோ ஒரு குடும்பத்தின் உழைப்பு சாக்குக்குள்ளேயே போய்விடும். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது நாடெங்கும் சிறு தேயிலைக் காணிக்காரர் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். கையிருப்பு இல்லாத இந்தக் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட அடியிலிருந்து எழுந்து நிற்க நெடுங்காலம் எடுக்கும்.

காட்டை அழிப்பவர்கள் இவர்கள்தான் என்ற குற்றச்சாட்டையும் பார்ப்போம். சிங்கராஜவுக்குள் இயந்திரங்களைக் கொண்டுபோய் மரம் வெட்டியது கிராமத்து மனிதர் அல்லர். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அரசே அதைச் செய்தது. பொதுமக்களின் எதிர்ப்பால்தான் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நின்றது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜ அங்கீகாரம் பெற்றது அதற்குப் பிறகுதான். வாசனைப் பொருளுக்காக வெட்டப்படும் வல்லப்பட்டை மரத்தின் கடத்தலில் உள்ளூர் இளைஞர் சிலர் அகப்பட்டதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த மரத்துக்கு விலை வைப்பவர்கள் காட்டோரத்தில் வாழ்பவர்கள் அல்லர். வேறு வருமானம் இல்லாத இளைஞனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு வாங்குபவரை விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவன் அகப்படுவான்.

2020 இல், காட்டோரக் கிராமமான லங்காகமவுக்குப் போகும் நெலுவ – லங்காகம வீதிக்காகக் காட்டுக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது நாடே இரண்டுபட்டது. ஒரு பக்கம் காட்டைக் காப்பாற்று என்றார்கள், மறுபக்கம் மக்களுக்கு வீதி கொடு என்றார்கள். இரண்டு பக்கமும் பேசிய அளவுக்கு லங்காகம மக்கள் பேசியது நம் காதுக்கு எட்டவில்லை. காட்டை அறுத்து அகலமான வீதி போடுவதை நானும் ஏற்கமாட்டேன். அகலமான வீதி அந்த ஊரவருக்குப் பயன்படுவதைவிட, காணி தேடி வருபவர்களுக்கும் விடுதி கட்ட வருபவர்களுக்கும்தான் அதிகம் பயன்படும். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் கடக்கக்கூடிய ஒரு பாலம், இருக்கிற ஒடுங்கிய பாதையைப் பழுதுபார்க்க ஆண்டுதோறும் தவறாமல் பணம், சொன்ன நேரத்துக்கு வரும் ஒரு சிறிய பஸ்: இவற்றுக்காக ஒரு மரத்தையும் வெட்டத் தேவையில்லை. ஆனால் இவற்றைத் திறந்துவைத்துப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் வருடக்கணக்காக நடக்காமல் கிடக்கின்றன.

நமது நாட்டில் சேவைகள் பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையை வைத்தே பங்கிடப்படுகின்றன. இத்தனை மாணவர் என்றால் இத்தனை ஆசிரியர். மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13 ஆவது திருத்தத்தின் கீழ் வந்த நிதி ஆணைக்குழு மாகாணங்களுக்குப் பணம் பிரிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை ஆகியவை அதில் இருக்கின்றன. தூரம் பெயர் சொல்லி அதில் இல்லை. ஏற்றத்தாழ்வைக் கணக்கிடும்போதாவது தூரத்தையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் வைத்தியரிடம் போக எத்தனை மணித்தியாலம்? உயர்தரம் படிக்க விரும்பும் பிள்ளை போய்வர எவ்வளவு நேரம்? இந்த நேரத்தை அளந்து அதற்கேற்ப ஆளணியும் பணமும் கொடுக்க வேண்டும்.

படகில்தான் போய்வர வேண்டிய நெடுந்தீவாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் படகு நின்றுவிடும், அன்றைக்கு நோயாளியும் காத்திருக்க வேண்டும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் காத்திருக்க வேண்டும். தீவில் ஆள் குறைகிறது என்று சொல்லிச் சேவையைக் குறைப்பார்கள், சேவை இல்லாததால் இருக்கும் ஆளும் புறப்படுவார்கள். காட்டோரத்திலும் இதுவேதான் நடக்கிறது. தெனியாயத் தோட்டத்துத் தமிழருக்கு இதற்குமேல் மொழிப் பிரச்சினையும் உண்டு. அலுவலகத்தில் படிவம் நிரப்பவே இன்னொருவரின் தயவு வேண்டும்.

அதிகஷ்டப் பிரதேசம் என்று பதிவான பாடசாலைகளுக்கு வெளியூரிலிருந்து போகும் ஆசிரியர்கள், கட்டாய சேவைக் காலம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் யாழ்ப்பாணம் திரும்பினேன். வயதான தாய் தகப்பனை விட்டு வந்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஊரிலேயே சாதாரண தரமும் உயர்தரமும் படித்த பிள்ளைகளைத் தேடி எடுத்து, புள்ளி சற்றுக் குறைந்தாலும் கல்வியியற் கல்லூரியிலும் தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சியிலும் இடம் ஒதுக்கி, சொந்த ஊரிலேயே வேலை கொடுத்தால் அவர்கள் நிலைத்து நிற்பார்கள். என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமி, மழையில் வராமல் நின்றுபோன தங்கைமார் இருவருக்கு வீட்டில் தானே எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவளை ஆசிரியை ஆக்குவதற்கு அன்றைக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

போக விரும்பும் இளையவர்கள் போகட்டும். அவர்களைக் காட்டோடு கட்டிப்போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்க விரும்புபவர்களைச் சேவையை நிறுத்தித் துரத்தக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிங்கராஜவுக்குப் போகும் நிருபர், பறவைகளையும் அருவிகளையும் படம் எடுத்த பிறகு, லங்காகமவிலோ தெனியாயத் தோட்டமொன்றிலோ இருந்து மிக அருகிலுள்ள வைத்தியசாலைக்கு, வாகனம் பிடிக்காமல், மக்கள் போகும் வழியிலேயே போய்ப் பார்க்கட்டும். நெடுந்தீவிலிருந்தும் அப்படியே யாழ்ப்பாணம் வரட்டும். எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை இரண்டு ஊருக்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். வரவு செலவுத் திட்ட விவாதத்துக்கு முன்பாக அது வெளிவந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.