கோமதிக்கு, பேத்தியின் பாவாடைத் துணி பற்றி

மதுரை
மார்ச் 9

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியானேன். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். அடுப்படிப் புகையில் இன்னும் கொஞ்ச நாளைக்கு நிற்காதே. இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் தெப்பக்குளம் வரை நடந்துவிட்டு வருகிறார். வெயில்தான் மார்ச்சிலேயே மே மாதம் மாதிரி அடிக்கிறது.

உன் பேத்தி ஒரு படத்தைக் காட்டி அதே மாதிரி பாவாடை வேண்டும் என்கிறாள், அதற்கு என்ன துணி எடுப்பது என்று கேட்டிருந்தாய். அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தேன். பிடித்த இடுப்பு, முழங்காலுக்குக் கீழ் வரை குடை மாதிரி விரியும் பாவாடை. 1950-களின் மோஸ்தர் அது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய உடைகளில் இருந்துதான் அந்தப் பெரிய விரிவு எல்லா ஊருக்கும் பரவியது. அப்போது இங்கிலாந்தில் துணிக்கு இன்னும் ரேஷன். 1949 வரை இருந்தது. ஒரு பாவாடைக்கு இத்தனை கெஜமா என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் பெண்களுக்கு ஆசை விடவில்லை. கோடைக்கு அவர்கள் தேடிப் போனது பருத்தியைத்தான். பிரஸ்டன் ஊர்ப் பருத்தி ஆலைக்காரர்களான ஹாராக்ஸஸ் 1946-இல் ஆயத்த ஆடை தைக்க ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய பூப்போட்ட அவர்களுடைய பருத்திக் கவுன்கள் அந்தக் காலத்தில் அவ்வளவு பிரபலம். அதனால் கடையில் “கசங்காதும்மா, இஸ்திரியே வேண்டாம்” என்று பாலியஸ்டர் கிரேப்பை எடுத்துப் போட்டால் வாங்கிவிடாதே. வியர்வையில் அது காலோடு ஒட்டும், படத்தில் இருக்கிற நிமிர்வும் வராது.

துணி எடுக்கிறதற்கு முன்னால் வெட்டு எது என்று முடிவு பண்ணு. நான் இதை மாற்றிச் செய்துதான் அடிபட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்ன மருமகளுக்கு என்று சிவப்பும் நீலமுமாக ஒரு மெட்ராஸ் கட்டம் போட்ட துணி. கண்ணைப் பறித்தது. வாங்கிவந்த கையோடு வட்டமாக வெட்டுகிற அம்ப்ரெல்லா கட் போட்டுவிட்டேன். நடுவில் நேராக நின்ற கட்டம் பக்கவாட்டில் போகப் போகச் சாய்ந்து டைமண்டு டைமண்டாகப் போய்விட்டது. வட்டமாக வெட்டும்போது பாவும் ஊடும், அதாவது நெட்டிழையும் குறுக்கிழையும், நாலு இடத்தில் சாய்வாக வருமில்லையா, அந்த நாலு இடமும் ராத்திரி தொங்கப் போட்டதில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டன. நானோ அதற்குள் ஓரம் மடித்து அடித்து முடித்திருந்தேன். 28 அங்குல இடுப்பு, 27 அங்குல உயரம் என்றால் கீழ் ஓரம் மட்டும் 198 அங்குலம். ஐந்து மீட்டர் தையலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன், கோமதி. போதாததற்கு முதல் தண்ணீரிலேயே சிவப்பு ஓடி வெள்ளை இழையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. பழைய மெட்ராஸ் துணியின் குணமே அதுதான். 1960-களில் அமெரிக்காவில் “கட்டாயம் சாயம் போகும்” என்று சொல்லியே அதை விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் கலந்து மங்குவதுதான் அவர்களுக்கு அழகு. நம் வீட்டில் யார் அதை ஒத்துக்கொள்வது?

ஆகவே அம்ப்ரெல்லா கட்தான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால், பிளெயின் அல்லது எல்லாப் பக்கமும் இறைத்த மாதிரி சின்னப் பூப்போட்ட கேம்பிரிக் பருத்தி எடு. கட்டம், கோடு, கரை மூன்றும் வேண்டாம். ஒரே பக்கம் பார்த்து நிற்கும் மயில், யானை மாதிரி டிசைனும் வேண்டாம், பாதி மயில் படுத்துக்கொள்ளும். 44 அங்குல பன்னாவில், அதாவது துணி அகலத்தில், மூன்றரை மீட்டர் கேள், இடுப்புப் பட்டிக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். தைத்ததும் ஓரம் அடிக்காமல் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, அப்புறம் தரையிலிருந்து ஸ்கேலை வைத்து அளந்து வெட்டு. ‘வாயில்’ என்கிற மெல்லிய பருத்தித் துணி எடுக்கலாம்தான், ஆனால் வெளிச்சத்தில் கால் தெரியும், உள்ளே மல்மல் துணியில் லைனிங் கொடுக்க வேண்டும். துளைத் துளையாகப் பூவேலை செய்த ஹக்கோபாவுக்கும் அதே கதை. பாவாடை உப்பி நிற்க அந்தக் காலத்தில் உள்பாவாடையை விறைப்பாக்கி உடுத்தினார்கள். நமக்கென்ன, பாப்ளின் உள்பாவாடைக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால் போதும்.

என் மனதில் இருப்பது வேறு. அந்தக் காலத்தில் இன்னொரு வகையும் இருந்தது, டிர்ண்டில் என்பார்கள். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக் கிராமத்துப் பெண்களின் உடையிலிருந்து வந்தது. நீளத் துணியை அப்படியே இடுப்பில் சுருக்கிப் பட்டி வைப்பது, அவ்வளவுதான். நாம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன பாவாடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது! அதற்குச் சுங்குடி மாதிரிப் பொருந்துகிற துணி எனக்குத் தெரிந்து இல்லை. புடவையை அகலவாட்டில் திருப்பி, கரை கீழே வருகிற மாதிரி 28 அங்குல உயரம் வெட்டிக்கொள். நீளம் இரண்டரை மீட்டர். கரையே ஓரமாகிவிடுவதால் மடித்து அடிக்க வேண்டாம். எல்லாம் நேர்வாட்டம், ஒரு இடமும் இறங்காது. மேலே மிஞ்சும் துண்டில் பட்டியும் ஒரு பையும் வரும். பை கட்டாயம் வை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை வைக்க இடம் கேட்பார்கள்.

கடையில் மடிப்பைப் பார்த்து ஏமாறாதே. இரண்டு மீட்டர் பிரித்து, ஒரு முனையைக் கையில் சுருக்கிப் பிடித்துத் தொங்கவிடு. விழுந்து ஒட்டினால் ரேயான் மாதிரித் துவளும் துணி, ஒரேயடியாகப் பலகையாக நின்றால் கஞ்சியில் நிற்கிறது. உள்ளங்கையில் கசக்கிப் பார், கஞ்சி இருந்தால் மாவு மாதிரி ஒட்டும். ஈரக் கைக்குட்டையால் அடர்ந்த நிறத்தின் மேல் தேய்த்தால் சாயம் தெரிந்துவிடும். வாங்கியதும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு அப்புறம்தான் கத்திரி வைக்க வேண்டும். போன மாதம் நான் எடுத்த நாலு மீட்டர் கேம்பிரிக் அலசிய பிறகு 15 சென்டிமீட்டர் குறைந்தது.

புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் மிஷின் போட்டிருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். அரக்குக் கரை வைத்த கடுகு மஞ்சளில் ஒரு சுங்குடியும், கிளிப்பச்சையில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எது என்று அவளிடம் கேட்டுச் சொல், பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். அப்படியே இடுப்பளவையும் எழுது. சாப்பிட்ட பிறகு, உட்கார வைத்து எடு.

அன்புடன்,
சரசு