1:48 பைபர் கப் காகித மாடல்: மூன்றாம் தாள் மட்டும் சிறுத்துப்போனது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அச்சுப் பிழையுள்ள தாளுக்கு மாற்றுத் தாள் கேட்டு

ஐயா / அம்மா,

உங்களிடம் வாங்கிய பைபர் ஜே-3 கப் என்ற விமானத்தின் 1:48 (அசலில் 48-இல் ஒரு பங்கு) காகித மாடல் கிட் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு இன்னொரு கிட் அனுப்பினீர்கள். அதிலும் அதே கோளாறு. இரண்டாவது கடிதத்துக்கு அறிவுரை அனுப்பினீர்கள். காகித மாடலில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பது சகஜமாம். பொறுமையாக ஒட்ட வேண்டுமாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எளிய மாடலில் ஆரம்பிப்பது நல்லதாம்.

நான் நேற்றுக் கத்தரி பிடித்தவன் இல்லை. டைகர் மோத் விமான மாடலின் இரண்டடுக்கு இறக்கைகளை, நடுவில் நிற்கும் கம்பங்கள் கோணாமல் ஒட்டி முடித்திருக்கிறேன். செஸ்னா 172 விமானம் மட்டும் இரண்டு செய்து வைத்திருக்கிறேன். 1956-இல் வந்த நேர்வாலும் 1960-இல் வந்த சாய்ந்த வாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டுமே என்ற ஆசையில். சரி, என் பெருமை போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

கதவுக்குப் பின்னால், உடற்பகுதிக்குள் குறுக்கே நிற்க வேண்டிய தடுப்பு அட்டையை முதலில் வெட்டினேன். ஒரு மி.மீ. அட்டையில் ஒட்டி, காயவிட்டு, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, உடற்பகுதித் தாளுக்குள் வைத்துப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது. தாளில் இரண்டு மடிப்புக் கோடுகளுக்கு நடுவே 16 மி.மீ.; தடுப்பு அட்டையோ 15. நான்தான் அதிகம் தேய்த்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுற்றி ஒட்டி அகலத்தைக் கூட்டினேன். அடுத்ததும் அப்படியே. நான்காவதற்கு வந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

உங்கள் தாள்கள் ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் '50 மி.மீ.' என்று எழுதி ஒரு அளவுக்கோடு இருக்கிறதே, அதன் மேல் ஸ்கேலை வைத்தேன். முதல் தாளில் சரியாக 50. இரண்டாவதில் 50. நான்காவதிலும் 50. மூன்றாவதில் 47!

இது என் கத்தி செய்த வேலையா? வெட்டாத தாளில், நீங்கள் அச்சிட்ட கோடு, நீங்களே எழுதிய அளவுக்கு 3 மி.மீ. குறைகிறது. அதாவது மூன்றாம் தாள் முழுவதும் 94 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. எப்படி என்றும் ஊகிக்க முடிகிறது. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ., அமெரிக்காவில் புழங்கும் 'லெட்டர்' அளவுத் தாளின் உயரம் 279. ஏ4-க்கு வரைந்த பக்கத்தை லெட்டருக்குள் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுத்தால் வருவது இதே 94 சதவீதம்தான். அச்சுக்குப் போகும் வழியில் யாரோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் அப்படிச் சேமித்திருக்க வேண்டும்.

தடுப்பு அட்டைகளைக்கூட பட்டை சுற்றிச் சமாளிக்கலாம். இறக்கையைக் கீழிருந்து தாங்கும் கம்பங்களும் அதே மூன்றாம் தாளில்தான் இருக்கின்றன. பைபர் கப்பில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கம்பங்கள், கீழே ஒரே இடத்தில் சேர்ந்து 'வி' வடிவில் நிற்கும். உடலில் உள்ள துளைக்கும் இறக்கையில் உள்ள குறிக்கும் நடுவே 48 மி.மீ. இருக்கிறது, கம்பம் 45 மி.மீ. எட்டாததை இழுத்து ஒட்டினால் இறக்கை கீழே வளைகிறது. முதல் கிட்டை அப்படித்தான் ஒட்டிப் பார்த்தேன். மழையில் நனைந்த காக்கை மாதிரி இரண்டு இறக்கையும் தொங்க, என் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் என்னவென்றால், இந்த மாடலை வரைந்தவர் கெட்டிக்காரர். இறக்கை முனையிலிருந்து முனை வரை 22.4 செ.மீ.; அசலின் 10.74 மீட்டரை 48-ஆல் வகுத்தால் அப்படியே வருகிறது. கதவு வலப்பக்கம் மட்டும் இருக்கிறது. மூக்கின் இருபுறமும் துருத்தி நிற்கும் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனித் துண்டுகள். பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவே எட்டிப் பார்க்கும் கம்பிக்கு (டேங்கில் மிதக்கும் தக்கையின் மேல் நிற்கும் அளவுகாட்டி அது) ஊசித்துளைகூடக் குறித்திருக்கிறார். நானும் மின்கம்பியில் ஒரே ஒரு செப்பிழையை உருவி அங்கே நட்டேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவரின் உழைப்பை அச்சில் கெடுத்துவிட்டு, பழியை வாங்கியவன் கையில் போடுவது நியாயமா?

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். இறக்கைத் தாளில் காகிதத்தின் நார் குறுக்கே ஓடுகிறது. அதனால் முன்விளிம்பை உருட்டும்போது மஞ்சள் மை வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. மை தீர்ந்த பேனாவால் கீறி, பென்சிலில் சுற்றிப் பழக்கியும் பயனில்லை. நார் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி தாளைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் போதும். அப்புறம், செய்முறைத் தாள் விமானி பொம்மையை முன் இருக்கையில் ஒட்டச் சொல்கிறது. எடைச் சமநிலைக்காக, கப்பைத் தனியாக ஓட்டுகிறவர் பின் இருக்கையில்தான் உட்காருவார். அதை நானே மாற்றிக்கொண்டேன்.

வெட்டிய கிட்டைத் திரும்பப் பெற மாட்டோம் என்று உங்கள் விதி சொல்கிறது. எனக்குப் பணம் வேண்டாம். சரியான அளவில், அதே கனமுள்ள காகிதத்தில் அச்சிட்ட மூன்றாம் தாள் ஒன்று வேண்டும். பட்டை சுற்றிப் பாழான உடற்பகுதிக்குப் பதிலாக இரண்டாம் தாளும் ஒன்று. அனுப்புமுன் யாராவது அந்த 50 மி.மீ. கோட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள். இதே கிட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். அவர்களில் முதல் மாடலாக இதை எடுத்தவர் தனக்குக் கைவரவில்லை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கக்கூடும்.

நான்கு தாள்களின் அளவுக்கோட்டின் மேலும் ஸ்கேல் வைத்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். இரண்டாவது கிட்டின் இறக்கைகளை இன்னும் ஒட்டவில்லை. ஒரு தடித்த அகராதிக்குள் தட்டையாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்